எந்தக் கேள்விக்காக இந்த ஓட்டம்?

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அதையொட்டி நகரங்களில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் பெயரால் நடையும் நெடுந்தூர ஓட்டமும் நடத்துவது வழக்கமாகிவிட்டது. திரண்ட பணம் எங்கே போனது என்று துருவ வேண்டாம், விழிப்புணர்வு வந்ததே போதும் என்பது அவற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சமாதானம். ஆராய்ச்சிக்கென்று பணம் கேட்டவர்கள் சொல்லக் கூடாத சமாதானம் அது.

ஓட்டத்தால் பலன் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2025 லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் அறப்பணிகளுக்காகத் திரட்டியது 8.73 கோடி பவுண்டு. சென்னையில் 2023 ஆகஸ்டில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 70,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். உடலுழைப்பில்லாமல் இருப்பது மறதிநோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையமும் சொன்னது. ஓடுகிறவருக்கு ஓட்டம் நல்லது, அதில் சண்டையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2019 லண்டன் மாரத்தானில் பிரிட்டனின் இரண்டு அல்சைமர் அமைப்புகள் 'டிமென்ஷியா ரெவல்யூஷன்' என்ற பெயரில் கைகோத்தன. திரளும் பணம் அந்நாட்டு டிமென்ஷியா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும் என்பது ஓடியவர்களுக்கு முன்பே தெரியும். நம் ஊர் அறிவிப்புகள் பலவும் 'டிமென்ஷியா ஆராய்ச்சிக்கு ஆதரவாக' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. எந்த ஆராய்ச்சி? யாருக்கு வந்த நோயைப் பற்றியது? டி-ஷர்ட்டும் பதக்கமும் எப்படியிருக்கும் என்று தெரிகிற அளவுக்குக்கூட இது தெரிவதில்லை.

உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியில், பள்ளிக்கூடமே போகாத எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறதிநோயைக் கண்டறிய உலகெங்கும் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனை அவரை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். பேனா பிடித்துப் பழகாத கை, நோயே இல்லாவிட்டாலும் இதில் தோற்கும். ஆனால் உலை வைத்துவிட்டு அரிசி போட மறப்பதும், அமாவாசை போனதா வரப்போகிறதா என்று குழம்புவதும், பேரனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அந்தத் தாளில் ஏறாது. வீட்டில் மருமகள் பார்க்கிறாள். 'வயசானா அப்படித்தான்' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நோய்க்கு வைத்தியம் இருக்கட்டும், பெயர்கூட வைக்கப்படாமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் கதையல்ல. 2023-இல் வெளியான லாசி-டாட் என்ற நாடு தழுவிய ஆய்வின் கணக்குப்படி அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். படிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். ஓட்டம் மட்டும் நகரத்துச் சாலைகளில் நடக்கிறது.

பணம் எந்தக் கேள்விக்குப் போக வேண்டும் என்பதும் புதிரல்ல. 1998-இல் கொச்சி மாநாட்டில் உருவான 10/66 குழு, உலக மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதில்லை என்று சுட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும் சோதனை முறையை வகுத்து, சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் ஆய்வு செய்தது. கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, நோயாளிகள் இருந்த 81 குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. வீட்டுக்கு வந்து கைகொடுத்த இடங்களில், பராமரிப்பவர்களின் மனச்சுமை குறைந்தது. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஒரு ஓட்டத்தின் வசூலுக்குள் அடங்கும் வேலை.

இப்போது பேசப்படும் லெகானெமாப் மருந்தோ, அல்சைமர் நோயின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவர்களுக்கு, பதினெட்டு மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்குகிறது. அதற்கு மூளை ஸ்கேன் வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். மானாம்பதிப் பாட்டியின் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஆளில்லாதவரை அந்த மருந்தால் அவருக்கு என்ன பயன்?

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்களே அந்த மருமகளிடம் நான்கைந்து கேள்வி கேட்டால் மறதிநோயை முன்கூட்டியே கண்டறிய முடியுமா? ஓட்டக்காரர்களின் பணம் போக வேண்டிய ஆராய்ச்சி இதுதான். பதிவுப் படிவத்திலேயே இப்படியொரு கேள்வியும், ஆய்வு நடத்தும் நிறுவனத்தின் பெயரும், கட்டணத்தில் அதற்குப் போகும் தொகையும் இருக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் வரவுசெலவு வெளியாக வேண்டும். இவை இல்லாத ஓட்டம் வெறும் விளையாட்டு விழா. அதை அப்படியே அறிவித்து நடத்தட்டும். ஆராய்ச்சி என்று சொல்லி யாரிடமும் பணம் வாங்க வேண்டாம்.