மரப்பு நீண்டால் போதுமா?

நூற்பாலை, விசைத்தறி, கரும்பு ஆலை, இரும்புப் பட்டறை ஆகியவை நிறைந்த கொங்கு நாட்டில் கை விபத்து புதிதன்று. இயந்திரத்தில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் கைதான். கை அறுவைக்குப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை கோவையில் வளர்ந்ததில் வியப்பில்லை. 1978-இல் துணைவியார் கனகவல்லியுடன் சேர்ந்து அதை நிறுவிய டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கையைச் சீராக்குவதைப் போலவே வலியைத் தணிப்பதும் மருத்துவத்தின் கடமையன்றோ?

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றைகளைப் ‘புய நரம்புப் பின்னல்’ என்பர். அதன் அருகில் மரப்பு ஊசி போட்டால், மருந்து நரம்பிழைக்குள் புகுந்து சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்துவிடுகிறது. வலிச்செய்தி மூளைக்குப் போவதில்லை. நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்யலாம். லிக்னோகெயின் சில மணி நேரமே தாங்கும். பூப்பிவகெயின் ஏறத்தாழ அரை நாள் தாங்கும்.

இந்த நேரத்தை நீட்டும் முயற்சி பழையது. 1903-இல் ஜெர்மானியரான ஹைன்ரிக் பிரவுன் கொக்கெய்னுடன் அட்ரினலினைக் கலந்தார். இரத்தக் குழாய்கள் சுருங்கியதால் மருந்து போட்ட இடத்திலேயே தங்கியது. இன்று பலரும் கலப்பது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. இதைப் பற்றிய ஆராய்ச்சிகள் குவிந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை முதன்மையாகக் கேட்கும் கேள்வி ஒன்றே: மரப்பு எத்தனை மணி நேரம் நீடித்தது? இந்த அளவுகோல் போதாது என்பதே நம் குறை.

2017-இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். அது 35 ஆய்வுகளில் பங்கேற்ற 2702 பேரின் விவரங்களைத் திரட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கை அறுவை செய்துகொண்டவர்கள். நரம்பருகே டெக்சாமெத்தசோன் சேர்த்தபோது மரப்பு சராசரியாக 6.7 மணி நேரம் நீண்டது. அதே மருந்தைச் சிரை வழியாகக் கொடுத்தபோதும் 6.2 மணி நேரம் நீண்டது! இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், நரம்பருகே போட்டதற்குச் சுமார் 3 மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் வலியின் அளவில் நோயாளி உணரத்தக்க வேறுபாடு இல்லை. நரம்பருகே செலுத்துவதற்கென அனுமதி பெறாத மருந்து அது. சிரை வழியே கொடுத்தால் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும்போது, நரம்பின் பக்கத்தில் ஏன் வைக்கவேண்டும்? ஆய்வுகளை எழுதுவோர் இதற்கு விடை சொல்லவேண்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். காலை 10 மணிக்குப் போட்ட ஊசி 12 மணி நேரம் தாங்கினால் இரவு 10 மணிக்கு மரப்பு தெளியும். நோயாளி விழித்திருப்பார், மாத்திரை கொடுக்க ஆளிருக்கும். அதையே 6.7 மணி நேரம் நீட்டினால் விடியற்காலை நாலே முக்காலுக்குத் தெளியும். முதல் நாள் மாலையே வீட்டுக்குப் போனவர் என்றால், தூக்கத்திலிருந்து கடும் வலியோடு எழுவார். மரப்பு விலகியதும் இவ்வாறு சட்டென்று பொங்கும் வலியை மருத்துவர்கள் மீள்வலி என்கின்றனர். மணிக்கணக்கு மட்டும் பார்க்கும் ஆய்வில் இது வெற்றி. நோயாளிக்கோ அது பொல்லாத விடியல்.

மரத்த கைக்கு வேறு ஆபத்தும் உண்டு. சூடான காப்பித் தம்ளர் பட்டாலும் தெரியாது. நசுங்கிய முன்கையில் தசைகளுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடும்போது, முதலில் எச்சரிப்பது பெரும்பாலும் வலியே. நீண்ட மரப்பு அந்த எச்சரிக்கையை மறைக்கக்கூடும் என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு.

நீட்டிப்பே வீண் என்று நாம் சொல்லவில்லை. முதல் இரவு நிம்மதியான தூக்கம் சிறிய கொடையன்று. மார்ஃபின் வகை மருந்துகளின் தேவையும் குறையும். ஆனால் ஆய்வுகள் இன்னும் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். இரண்டு நாட்களில் மொத்த வலி எவ்வளவு? எத்தனை முறை தூக்கம் கெட்டது? மரப்பு தெளிவதற்கு முன்பே மாத்திரை தொடங்கப்பட்டதா? எப்போது தெளியும், அதுவரை கையை எப்படிக் காக்கவேண்டும் என்று நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லப்பட்டதா?

கடைசி இரண்டுக்கும் புது மருந்து எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் போன்ற எளிய மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பதும், ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்குவதும் எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் இயலும். வாசகர்களில் எவருக்கேனும் கை அறுவை நேர்ந்தால், ‘இந்த மரப்பு எத்தனை மணிக்குத் தெளியும், அதற்கு முன் நான் என்ன சாப்பிடவேண்டும்?’ என்று தயங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.