அல்சைமர் நோய்க்கு வைட்டமின் ஈ: பலனும் எல்லையும்

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. நரம்புச்செல்களின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அல்சைமர் நோயில் பீட்டா அமைலாய்டு புரதம் செம்பு, இரும்பு அயனிகளோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகிச் சங்கிலி வினையாகச் சவ்வைச் சிதைக்கின்றன. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ சவ்வுக்குள் தங்கி இச்சங்கிலி வினையை அறுக்கும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை.

இதற்கு ஓரளவு சான்று உண்டு. 1997இல் அமெரிக்காவில் 341 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 2000 அலகு வைட்டமின் ஈ பெற்றவர்கள் மரணம், காப்பகச் சேர்க்கை, அன்றாடத் திறன் இழப்பு, கடும் மறதிநோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டுவது தாமதமானது. ஆனால் தொடக்கநிலை நினைவுத்திறன் வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்த பிறகே இப்பலன் புலப்பட்டது. 2014இல் வெளியான, 613 முன்னாள் படைவீரர்களை உட்படுத்திய ஆய்வு இன்னும் வலுவானது: அன்றாடச் செயல்திறனின் சரிவு ஏறத்தாழ 6 மாதம் தள்ளிப்போனது. குளிப்பதையும் உடுத்துவதையும் தாமே செய்யும் காலம் நீள்வது, பராமரிக்கும் குடும்பத்துக்குச் சிறிய ஆறுதல் அன்று. எனினும் இரு ஆய்வுகளிலும் நினைவாற்றல் சோதனைகளில் தெளிவான முன்னேற்றம் இல்லை.

நோய் முற்றுமுன் கொடுத்தால் பலன் கூடும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. லேசான மறதி உடைய 769 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. மூன்றாண்டு வைட்டமின் ஈ எடுத்தும் அல்சைமராக மாறும் வேகம் குறையவில்லை. 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு மேலும் சங்கடமானது. வைட்டமின் ஈ, சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் மூன்றும் சேர்ந்து மூளைத் தண்டுவட நீரில் ஆக்சிஜனேற்றச் சிதைவின் அடையாளத்தைக் குறைத்தன. ஆனால் நோயின் அடையாளங்களான அமைலாய்டு, டௌ புரத அளவுகள் மாறவில்லை, அறிவுத்திறனோ விரைவாகச் சரிந்தது. அதாவது, ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தணிப்பதும் நரம்புச்செல்லைக் காப்பதும் ஒன்றல்ல.

குறைபாடு மருந்தில் மட்டுமன்று, ஆய்வு முறையிலும் உண்டு. பெரிய ஆய்வுகள் செயல்திறனை அளந்தனவே தவிர, கொடுத்த மருந்து மூளையின் ஆக்சிஜனேற்றத்தைக் குறைத்ததா என்று பார்க்கவில்லை. அதைப் பார்த்த ஆய்வோ 16 வாரமே நீடித்தது. எனவே தோல்விக்குக் காரணம் கருதுகோளா, மருந்தா, கொடுத்த காலமா என்று பிரித்தறிய இயலவில்லை.

மிகை அளவு ஆபத்தற்றதும் அன்று. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கு அது இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஆகவே நோய் உறுதியானவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் பரிசீலிக்கத்தக்க துணை மருந்தாக மட்டுமே வைட்டமின் ஈயைக் கொள்ளலாம். நலமாக உள்ளவர் மறதியைத் தடுக்க அதை விழுங்குவதற்குப் போதிய ஆதாரமில்லை.