ஆச்சியின் நாக்கு

நம் கதாசிரியர்களிடம் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. செட்டிநாட்டுக் கதை என்றால், வேலைக்காரன் மட்டும் "குன்னக்குடிக்குப் போயிட்டு வர்றேன்" என்பான். வீட்டு ஆச்சியோ "குன்றக்குடி" என்று அச்சுப் பிசகாமல் சொல்வார். இது காதால் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதியது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்த முருகன் தலத்தின் பெயரை இரண்டு பெரியவர்கள் நாடெங்கும் கொண்டு சென்றார்கள். ஒருவர் குன்றக்குடி அடிகளார். மற்றவர் குன்னக்குடி வைத்தியநாதன். ஊர் ஒன்றுதான். மடம் ஏட்டு வடிவத்தை வைத்துக்கொண்டது. வயலின் வாய்மொழியோடு மேடை ஏறியது. இவற்றில் எது கொச்சை என்று யாராவது கேட்டதுண்டா?

கன்று கன்னுக்குட்டி ஆவதும், கொன்றான் கொன்னான் ஆவதும் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள பேச்சு. காற்று காத்தாகும் அதே வழியில்தான், நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றான இளையாற்றங்குடி இளையாத்தங்குடி ஆயிற்று. இன்று அந்தப் பெயர் இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. காரைக்குடி 'காரக்குடி' என்று ஒலிப்பதற்கோ இலக்கணமே வழிவிடுகிறது. சொல்லின் நடுவே ஐகாரம் தன் அளவில் குறையும் என்று சொல்லி, அதற்கு ஐகாரக் குறுக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறது.

ஆகவே இந்த உச்சரிப்புகளைக் கொண்டு ஒருவரின் செல்வத்தையோ படிப்பையோ அளக்க முடியாது. சபையில் "குன்றக்குடி" என்று பேசும் பெரியவர், வீட்டு முகப்பில் உறவினரோடு அமர்ந்தால் "குன்னக்குடி" என்பார். பேசுகிறவர் யார் என்பதோடு, யாரிடம், எங்கே பேசுகிறார் என்பதையும் எழுத்தாளர் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் பேச்சுத் தமிழை ஏழையின் தலையில் மட்டும் கட்டினால், வாசகர் அவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிடுகிறார். கதை அவனுக்காகப் பரிந்து பேசினாலும் அந்தச் சிரிப்பு போவதில்லை.

2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசாங்கம் ஒரு பெயருக்கு ஒரு வடிவத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாவலாசிரியருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. தாம் விவரிக்கும் இடத்தில் 'குன்றக்குடி' என்றே எழுதட்டும். உரையாடலில் மட்டும் ஆச்சிக்கு அவருடைய சொந்த நாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.