இழுத்த இடத்தில் நிற்கும் மாவு

கோதுமையின் தரம் என்றாலே பலரும் புரதத்தைத்தான் கேட்கிறார்கள். ரொட்டி உப்பி எழ அது வேண்டும். மாரி பிஸ்கட்டுக்கு அதுவே பகை. உருளைகளுக்கு இடையே மெல்லிய தகடாக ஓடிவரும் மாவை வட்ட அச்சு வெட்டியதும், முறுக்கான மாவு சுருங்கப் பார்க்கும். வட்டம் முட்டை வடிவாகிவிடும், தடிப்பு கூடும், பாக்கெட்டில் அளவு பொருந்தாது. எதிர்த்து இழுக்காமல் நீண்டு, நீண்ட இடத்திலேயே நிற்கும் மாவைத் தரும் ரகங்களை பிரிட்டனின் மில்காரர்கள் மூன்றாம் வகுப்பு என்று தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பைக் குறைந்த தரம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளிர்காலக் கோதுமையில் மிகவும் பண்பட்டது அதுதான்.

மணியின் மென்மை பிறவியிலேயே வருவது. பியூரோஇண்டோலின் என்ற புரத வகையில் இரண்டு உண்டு. அவற்றின் மரபணுக்கள் கோதுமையின் ‘5டி’ குரோமோசோமில் இருக்கின்றன. இரண்டும் பழுதின்றி இருந்தால் மாவுச்சத்துத் துகள்கள் புரதத்தோடு இறுக ஒட்டாமல் அரைவையில் உதிர்ந்துவிடும். ஒன்று கெட்டாலும் மணி கடினமாகும். ‘டி’ தொகுதியே இல்லாத டூரம் கோதுமை அத்தனை கெட்டியாக இருப்பதற்கும் காரணம் இதுதான். கடின மணியை அரைக்கும்போது துகள்களே உடைகின்றன. உடைந்த துகள் தண்ணீரை நிறையக் குடிக்கும், அவ்வளவையும் அடுப்பு வெளியேற்றியாக வேண்டும். எந்த உரமும் இதை மாற்றாது என்பதால், பாதி வேலை விதை வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. மென்மை மட்டும் போதாது, நீளும் குணமும் வேண்டும். பிசைந்த மாவைக் குமிழியாக ஊதிப் பார்க்கும் ஆல்வியோகிராப் சோதனையில், எதிர்ப்புக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனின் மென்கோதுமை ஏற்றுமதி அளவுகோல்.

1999-இல் பிரிட்டனின் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்த கிளேர் என்ற ரகம் பத்தாண்டுக்கு மேல் அதில் நிலைத்ததற்கு மாவின் குணத்தோடு வளரும் நிதானமும் காரணம். செப்டம்பர் நடுவிலேயே விதைத்தாலும் அவசரப்பட்டுத் தண்டு நீட்டாது, பனியில் குருத்தை இழக்காது. இந்தப் பயிரில் விவசாயியின் கைத்திறம் எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதில் தெரியும். ரொட்டிக் கோதுமைக்குப் புரதத்தை 13 சதவீதத்துக்கு ஏற்றக் கதிர் வரும் பருவத்தில் மேலும் ஒரு தவணை தழைச்சத்து இடுவார்கள். இங்கே அந்தத் தவணையைத் தவிர்ப்பதுதான் திறமை.

சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு எந்த மாவையும் தளர்த்தலாமே, ரகம் எதற்கு என்று கேட்கலாம். அது குளூட்டனின் பிணைப்பை அறுக்கும். உடைந்த மாவுச்சத்தின் தாகத்தை அதனால் தணிக்க முடியாது. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபைட் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக உறையில் குறிப்பிட்டாக வேண்டும் என்ற சட்டமும் உண்டு. தீவனக் கோதுமை இன்னும் கூடுதலாக விளையுமே என்ற விவசாயியின் கேள்வி இதைவிடக் கனமானது. மகசூல் ஏறினால் புரதம் இறங்குவது கோதுமையின் இயல்பு. ரொட்டிக் கோதுமை பயிரிடுபவருக்கு அது நஷ்டம், பிஸ்கட் கோதுமைக்காரருக்கு அதில் கேடில்லை. ஆனால் பிஸ்கட் மில் தொலைவில் இருந்தால் கிடைக்கும் கூடுதல் விலையை லாரி வாடகையே தின்றுவிடும். ஒப்பந்தம் இல்லாமல் விதைக்கச் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்துப் பக்கத்து விவசாயிக்கு மட்டும் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது: புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த மென்மணியை அங்குள்ள தானிய விஸ்கி ஆலைகளும் விரும்பி வாங்குகின்றன.