பிஎல்டிசி ஃபேன்: எந்த வீட்டுக்கு லாபம்?

கரண்ட் பில்லைக் குறைக்க யோசனை கேட்டால், ஏசியை 26 டிகிரியில் வையுங்கள் என்றுதான் முதலில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஏசியே கிடையாது. அங்கே இரவு பகலாக ஓடுவது சீலிங் ஃபேன்தான். மிக்சி 500 வாட் இழுக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஃபேன் இழுப்பது 75 வாட்தான், ஆனால் நாளில் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கையில் காசு குறைவாக இருக்கும் வீடு மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைத்தால், அண்ணாந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

அதனால் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் ஓடிய பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, குறைந்த வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். 1200 மில்லிமீட்டர் அளவு, மூன்று இறக்கை, ஐந்து நட்சத்திரம், ரிமோட் உண்டு. விலை 3,000 ரூபாய் வாக்கில். சாதாரண ஃபேனைவிட இது ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம். அந்தப் பணம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

உள்ளே என்ன வித்தியாசம்?

சாதாரண ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் சுழலும் பகுதிக்குத் தேவையான காந்தத்தை மின்சாரமே ஒவ்வொரு கணமும் உண்டாக்க வேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. நெடுநேரம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுப்பகுதியைத் தொட்டால் சூடு தெரியும். பிஎல்டிசி மோட்டாரில் நிரந்தரக் காந்தங்களே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சிறிய போர்டு ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி, காயில்களுக்கு முறை வைத்து அனுப்புகிறது. அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட் போதும்.

இந்தியாவில் இந்த வகை சீலிங் ஃபேனைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று நம் கோயம்புத்தூர்தான். அங்குள்ள வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-இல் ‘சூப்பர்ஃபேன்’ என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. பிறகு மும்பையின் ஆட்டம்பெர்க் பரவலாக்கியது. இப்போது பெரிய ஃபேன் கம்பெனிகள் எல்லாவற்றிடமும் பிஎல்டிசி மாடல்கள் உண்டு.

மீட்டர் சொன்ன கணக்கு

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தனிக் கருவியும் வாங்க வேண்டாம். வீட்டு ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஒருமுறை மின்னுவதற்கும் அடுத்த முறை மின்னுவதற்கும் இடையே எத்தனை நொடி என்று பார்த்து, 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைத்துவிடும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ், செட்-டாப் பாக்ஸ், வைஃபை, சார்ஜர் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டேன். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆவது கணக்கைக் கெடுத்துவிடும். பழைய ஃபேன் முழு வேகத்தில் ஓடியபோது விளக்கு 15 நொடிக்கு ஒருமுறை மின்னியது. அதாவது 75 வாட். புதிய ஃபேன் முழு வேகத்தில் ஓடியபோது 37, 38 நொடி ஆனது. அதாவது 30 வாட். மூன்றாம் வேகத்தில் வைத்தால் விளக்கு அடுத்து மின்ன ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வாட் சொச்சம்தான். கம்பெனி சொன்னது உண்மை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் போர்டு கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். வெளியே கிளம்பும்போது சுவர் ஸ்விட்சை அணைப்பதே முறை.

காற்று எப்படி?

பிஎல்டிசியில் காற்று வராது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. நான் மாட்டியதில் அந்தக் குறை இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயம். அது கொடுக்கப்படுவது காற்றின் அளவை வாட்டால் வகுத்து வரும் எண்ணை வைத்து. 2023-இல் வந்த விதிப்படி, 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு அந்த எண் 6-ஐத் தொட்டால் ஐந்து நட்சத்திரம். ஆகவே காற்றைச் சற்றுக் குறைத்து, வாட்டை நிறையக் குறைத்தாலும் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடலாம். கடையில் நட்சத்திரத்தைப் பார்த்ததோடு நிற்காமல், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று லேபிளில் தேடிப் பாருங்கள். 210 என்பது குறைந்தபட்சம். மொட்டை மாடிக்குக் கீழே, நாள் முழுக்க வெயில் வாங்கும் தளத்தில் குடியிருப்பவர்கள் 230-க்குக் குறைந்து வாங்காமல் இருப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது லோ வோல்டேஜில் இந்த ஃபேன் நடந்துகொள்ளும் விதம். கோடை இரவில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். பழைய ஃபேன் அப்போது தளர்ந்து சுற்றும். வியர்த்துப்போய்ப் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். இதில் வேகம் மாறவே இல்லை. சத்தமும் குறைவு. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

குறைகள்

முதல் குறை ரிப்பேர். சாதாரண ஃபேன் சுற்றாவிட்டால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் கன்டென்சரை மாற்றிக் கொடுத்துவிடுவார். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்துகொள்ளலாம். இதில் போர்டு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாட்ட வந்தவரே சொன்னார்: “போர்டு போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க சார், கம்பெனிக்குத்தான் எழுதிப் போடணும்.” ஆகவே வாரன்ட்டி எத்தனை ஆண்டு, அது போர்டுக்கும் உண்டா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டறியாத பெயரில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு போர்டோடு போய்விடும்.

இரண்டாவது, ரெகுலேட்டர். ரிமோட் மாடலைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. ரெகுலேட்டரை விலக்கி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போர்டு கெடும். மூன்றாவது, ரிமோட். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது உண்மையான தொல்லை. நடு இரவில் குளிரெடுத்தால் அவர்கள் கை போவது சுவர் ஸ்விட்சுக்குத்தான். ரெகுலேட்டரோடு ஒத்துப்போகும்படி செய்த பிஎல்டிசி மாடல்களும், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் வேகம் மாறும் மாடல்களும் கடைகளில் உண்டு. பெரியவர்கள் படுக்கும் அறைக்கு அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் எவ்வளவு குறையும்?

ஒரு ஃபேன் நாளுக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 வாட் மிச்சம் என்றால், இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 38 யூனிட் குறையும். அது எத்தனை ரூபாய் என்பதை நீங்கள் எந்தக் கட்டணப் படியில் இருக்கிறீர்கள் என்பதே தீர்மானிக்கிறது.

2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பை வைத்துச் சொல்கிறேன். அதன் பிறகு, 2024 ஜூலையில் விலை கொஞ்சம் கூடியது. 2022 விலைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய் என்று இருந்தது. ஐந்நூறைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 4.50 ஆகிவிட்டது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இப்போது மூன்று வீடுகளைப் பாருங்கள்.

பில்லுக்கு 200 யூனிட்டுக்குள் முடிக்கும் சிறு குடும்பம்: 38 யூனிட் குறைந்தால் மிச்சம் 85 ரூபாய்தான். ஃபேன் விலையை எடுக்க ஆறு வருடம் ஆகும். ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம். அது பழுதாகி, புதிது வாங்கும் நாள் வரும்போது பிஎல்டிசி வாங்கினால் போதும்.

கோடையில் 560 யூனிட் தொடும் குடும்பம்: பில் 2,430 ரூபாய். இரண்டு ஃபேனை மாற்றினால் 484 யூனிட்டுக்கு இறங்கும், பில் 1,629 ரூபாய். ஒரு பில்லில் 800 ரூபாய் குறைகிறது. மற்ற மாதங்களில் இந்த அளவுக்குக் குறையாது என்றாலும், இவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

மூன்றாவது, சப்-மீட்டர் வாடகை வீடு. சென்னையிலும் மற்ற நகரங்களிலும் ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்களை வைத்து, ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குவது சகஜம். இலவச 100 யூனிட்டும் இல்லை, 2.25 ரூபாய் படியும் இல்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்கள்தான் மின்சாரத்துக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். இது அநியாயம். ஒரு ஃபேனை மாற்றினால் இவர்களுக்கு 8 ரூபாய் கணக்கில் இரண்டு மாதத்தில் 300 ரூபாய் மிச்சம். ஒன்றே முக்கால் வருடத்துக்குள் விலை திரும்பிவிடும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம், முதல் வீணாகாது.

தீர்ப்பு

மொத்தமாக எல்லா ஃபேனையும் மாற்றச் சொல்லும் விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். எந்த ஃபேன் அதிக நேரம் ஓடுகிறதோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். அநேகமாக அது எல்லோரும் படுக்கும் அறையில்தான் இருக்கும். நாலைந்து மணி நேரமே ஓடும் ஃபேனை அப்படியே விடுங்கள்.

3,000 ரூபாயை ஒரேயடியாகப் புரட்ட முடியாதவர்கள், சோக் வைத்த பழைய டியூப் லைட்டிலிருந்து தொடங்கலாம். சோக்கோடு சேர்த்து அது 50 வாட் எடுக்கும். 20 வாட் எல்இடி டியூப் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் பில்லுக்கு 10, 11 யூனிட் மிச்சம். அந்த மிச்சத்தை எடுத்து வைத்து ஃபேனுக்குச் சேர்க்கலாம்.

ஹவுஸ் ஓனர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக்கு விடும் வீட்டில் பழுதான ஃபேனை மாற்றும்போது, ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டு பிஎல்டிசியாக மாட்டுங்கள். சப்-மீட்டருக்கும் ஈபி விலையையே வாங்குங்கள். குடியிருப்பவர் பில் கட்டிய பிறகு அவர் கையில் நிற்கும் முந்நூறு ரூபாய் சிறு தொகை அல்ல. ஒரு சிறு குடும்பத்துக்கு அது சில நாள் பால், காய்கறிச் செலவு.