நியாயம் இருக்கு... வைஃபை இல்லை!

லினக்ஸ் கெர்னலின் நிரலோடு கூடவே ஒரு கட்டுரையும் வருகிறது. எழுதியவர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன். லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் முக்கியஸ்தர். கோப்பின் பெயர் ‘ஸ்டேபிள் ஏபிஐ நான்சென்ஸ்’. கெர்னலின் உள்விவகாரங்கள் மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்பதே பேத்தல் என்கிறது கட்டுரை. படித்து முடித்ததும் ‘மனுஷன் சொல்றது சரிதானே’ என்று தோன்றும். என் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விஷயம் இதுதான். ராத்திரி அப்டேட் போட்டீர்கள். புது கெர்னல் வந்து உட்கார்ந்தது. காலையில் எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் செத்துக் கிடக்கிறது. சரிசெய்ய டிரைவர் வேண்டும். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். வாளியோடு கயிறும் சேர்ந்து கிணற்றில் விழுந்த கதை!

ஏன் இப்படி? கெர்னலை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதுபவர்கள் உள்கதவுகளின் பூட்டை அவ்வப்போது மாற்றுவார்கள். உள்ளேயே குடியிருக்கும் டிரைவர்களுக்குப் பூட்டை மாற்றியவரே புதுச் சாவியும் செய்து கொடுத்துவிட வேண்டும். அது விதி. வெளியிலிருந்து வந்துபோகும் டிரைவர், அதாவது கம்பெனிக்காரன் தனியாக வைத்திருப்பது, பழைய சாவியோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். பிராட்காம் வைஃபை சிப்களுக்கான ‘டபிள்யூஎல்’ டிரைவர் இதற்குப் பேர்போன உதாரணம்.

கிரெக்கின் வாதங்கள் வலுவானவை. யுஎஸ்பி பகுதியை மட்டுமே குறைந்தது 3 தடவை மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாகவே ஆனது. பழைய கதவுகளையும் வைத்துக்கொண்டிருந்தால் அத்தனை ஓட்டைகளையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டும். டிரைவரை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர் முடிவு.

எல்லாம் சரி. ஆனால் சாதாரண புரோகிராம்களுக்கு கெர்னல் திறந்து வைத்திருக்கும் வெளிவாசல் மாறாது என்று அதே கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. புது கெர்னலால் பழைய புரோகிராம் உடைந்தால் லினஸ் ருத்ரதாண்டவமே ஆடுவார். ஆக, மாறாமல் வைத்திருக்க முடியாது என்பதில்லை. உள்ளே அப்படி வைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது பற்று வரவு. பூட்டை மாற்றும் சௌகரியம் கெர்னல்காரர்கள் கணக்கில் வரவு. ரகசியம் காத்த லாபம் கம்பெனி கணக்கில் வரவு. பற்று? காசு கொடுத்து லேப்டாப் வாங்கியவன் கணக்கில்! கிரெக் பேசுவதெல்லாம் டிரைவர் எழுதுகிறவர்களிடம். வாங்கியவன் அந்தக் கட்டுரையில் ஆளே இல்லை.

2012-ல் ஃபின்லாந்தில் மேடையேறிய லினஸ், என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். கெர்னலோடு பேசும் டிரைவர் பகுதியை என்விடியா திறந்தது 2022-ல். நடுவில் 10 வருஷம். அப்டேட்டுக்கு அப்புறம் கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்தவர்கள் இரண்டு தரப்பிலும் சேர்த்தியில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, ஆரம்ப மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு, ஃபெடோரா எல்லாம் பழசை உடனே அழிப்பதில்லை. அதில் வைஃபை வந்துவிட்டால் கார்டு பிழைத்தது, தகராறு டிரைவரில். அது வெளியிலிருந்து வந்ததென்றால், ‘டிகேஎம்எஸ்’ என்ற ஏற்பாடு ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அதைத் தானே மறுபடி கட்டித் தரப் பார்க்கும். அதற்கு அந்த கெர்னலின் ‘ஹெடர்’ கோப்புகள் வேண்டும். உள்ளேயே இருக்கும் டிரைவர் உடைந்திருந்தால், எந்த கெர்னலில் ஓடியது, எதில் நின்றது என்று இரண்டு எண்களையும் குறித்துப் புகார் கொடுங்கள். மதிப்பார்கள்.

அது வரைக்கும் செல்போனை யுஎஸ்பி கேபிளில் செருகி அதன் இன்டர்நெட்டைக் கடன் வாங்கலாம்.

கதவை மாற்றாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ‘உங்கள் வைஃபை டிரைவர் இந்த கெர்னலுக்குத் தயாராகவில்லை, ஏற்றட்டுமா?’ என்று அப்டேட்டுக்கு முன்னால் பளிச்சென்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கட்டுரையை அடுத்து திருத்தும்போது வாங்கியவனுக்கும் ஒரு பாரா ஒதுக்குங்கள், கிரெக் சார்!