வானம் பொது, நிலம்?
‘பகிர்ந்த வானம்’ கண்காட்சி குறித்த ஒரு மதிப்பீடு

பூர்வகுடிக் கலைஞரும் அறிவியலாளரும் இணைந்து உருவாக்கும் கண்காட்சிகளில் கலை தன்னளவில் ஓர் அறிவுமுறையாக ஏற்கப்படுகிறதா, அல்லது அறிவியலுக்குரிய விளக்கப்படமாகச் சுருங்கிவிடுகிறதா என்பது திறனாய்வாளர் எழுப்ப வேண்டிய முதன்மை வினாவாகும். இவ்வினாவின் அடிப்படையில் ‘பகிர்ந்த வானம்’ கண்காட்சியை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

இதற்கான வித்து, அனைத்துலக வானியல் ஆண்டாகிய 2009இல் இடப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் நகரைச் சார்ந்த யாமாஜி ஓவியர்களும் வானொலி வானியலாளர்களும் மர்ச்சிசன் வட்டாரத்தில் இரவு வானை ஒருங்கே நோக்கித் தத்தம் அறிவைப் பரிமாறிக்கொண்டனர். ‘வானுக்கு உரியவை’ எனப் பொருள்படும் ‘இல்கரிஜிரி’ கண்காட்சி அவ்வாறு உருவானது. எஸ்கேஏ எனப்படும் மாபெரும் வானொலித் தொலைநோக்கியை ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தத்தம் மண்ணில் ஏற்றமையால், நியூ பெதெஸ்டா ஊரின் சான் வழித்தோன்றல்களான கலைஞர்களும் பின்னர் இணைந்தனர். 2014இல் பெர்த் ஜான் கர்ட்டின் கலைக்கூடத்தில் தொடங்கிய ‘பகிர்ந்த வானம்’, 2015இல் கேப் டவுனின் இசிக்கோ அருங்காட்சியகத் தொகுதியைச் சார்ந்த தேசியக் கலைக்கூடத்தை அடைந்தது.

யாமாஜி ஓவியங்களில் இடம்பெறும் வான் ஈமு இங்கு நோக்கத்தக்கது. அப்பறவையின் உரு விண்மீன்களை இணைத்துப் பெறப்படுவதன்று; பால்வழியின் கரிய திட்டுகளே அதன் தலையும் கழுத்தும் உடலும் ஆகின்றன. பருவந்தோறும் மாறும் அதன் கிடப்பு, ஈமு முட்டையிடும் காலத்தை உணர்த்துகிறது. அத்திட்டுகள் பின்னுள்ள ஒளியை மறைக்கும் தூசு மேகங்கள் என்பது வானியல் விளக்கம். வானொலி அலைகளோ அத்தூசினை ஊடுருவி வருவன. ஒளியற்ற இடத்திலும் பொருள் உண்டு எனக் கொள்வதில் ஓவியரும் வானியலாளரும் ஒன்றுபடுகின்றனர். இங்குக் கலை விளக்கப்படமாக நில்லாமல் அறிவாகவே நிற்கிறது. இதுவே கண்காட்சியின் வலிமை.

எனினும், ‘பகிர்ந்த’ என்னும் சொல் வேறுபாடுகளை மறைத்துவிடவும் கூடும். யாமாஜி கலைஞர்க்கு வான்கதைகள் முதியோர் வாய்வழி வரும் வாழும் மரபு. நியூ பெதெஸ்டா கலைஞர்தம் மூதாதையர் மொழியோ இன்று வழக்கில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வில்லெம் பிளீக்கும் லூசி லாயிடும் எழுதிவைத்த குறிப்புகளே அக்கதைகளுக்கு முதன்மை ஊற்று. அவர்கள் பலர் கூடித் தைத்த துணிச்சித்திரங்கள் ஆவணத்திலிருந்து மரபை மீட்கும் பணியைச் செய்கின்றன. ஒன்று தொடர்ச்சி, மற்றொன்று மீட்பு. இரண்டையும் ஒரே வானத்தின் கீழ் நிகராக வைப்பது, மொழி இழந்த வரலாற்றை அழகால் மூடிவிடும் இடருடையது.

மேலும், வானத்தைப் பகிர்வதால் எவரும் எதையும் இழப்பதில்லை, நிலம் அத்தகையதன்று. 131,072 அலைவாங்கிகள் திட்டமிடப்பட்டுள்ள மர்ச்சிசன் நிலம் வஜாரி யாமாஜி மக்களுடையது. 2022 நவம்பரில் அவர்களோடு புதிய நிலப் பயன்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே, திசம்பரில் அங்குத் தொலைநோக்கியின் கட்டுமானம் தொடங்கியது. ஆய்வகத்திற்கும் ‘வானையும் விண்மீன்களையும் பகிர்தல்’ என்னும் பொருளுடைய ‘இன்யாரிமான்ஹா இல்காரி புந்தாரா’ என்னும் வஜாரிப் பெயர் சூட்டப்பட்டது. கண்காட்சியின் தலைப்பு உவமையாகக் கூறியதை ஒப்பந்தமே உரிமையாக வரையறுத்தது எனலாம்.

ஆகவே, இத்தகைய கூட்டுப் படைப்புகளைச் சுவரில் தொங்கும் ஓவியங்களின் எழிலைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. கலைஞரின் அறிவு முடிவெடுக்கும் அவைக்குள் நுழைந்ததா என்பதும் திறனாய்வின் அளவுகோலாதல் வேண்டும். ‘பகிர்ந்த வானம்’ அவ்வாயிலைச் சுட்டிக்காட்டியது. அதைத் திறக்கும் பொறுப்பை நிறுவனங்களிடம் விட்டுச்சென்றது.